மூன்று மாதம் நிற்கும் வரலாறு

சிங்கப்பூரில் ஒரு கவிதைத் தொகுப்பு வந்தால் நாலு பேராவது அதைப் பற்றி எழுதுகிறோம். திட்டியாவது எழுதுகிறோம். அரும்பொருளகத்தில் ஒரு சிறப்புக் கண்காட்சி திறந்து, மூன்று மாதம் ஓடி, மூடினால் தமிழில் மிஞ்சுவது பெரும்பாலும் திறப்புவிழாச் செய்திதான். யார் வந்தார், எத்தனை பொருள் வைத்தார்கள், எந்தத் தேதிவரை பார்க்கலாம். அந்தக் கண்காட்சி என்ன சொல்ல வந்தது, சரியாச் சொன்னதா, எதைச் சொல்லாம விட்டது என்று கேட்க ஆள் இல்லை.

புத்தகம் நாளைக்கும் நூலகத்தில் இருக்கும், பத்து வருஷம் கழித்துக்கூட எடுத்துச் சண்டை போடலாம். தற்காலிகக் கண்காட்சிக்கு அந்த வசதி கிடையாது. இரவல் வந்த பொருள்கள் பெட்டிக்குள் திரும்பிப் போகும், சுவருக்கு வேறு சாயம் அடிப்பார்கள், அடுத்த மாதம் அதே அறையில் வேறொரு வரலாறு நிற்கும். எழுதாவிட்டால் அது நடந்ததற்கே தடயம் இருக்காது. அதனால் கண்காட்சி விமர்சனம் புத்தக விமர்சனத்தைவிட அவசரமான வேலை என்று நினைக்கிறேன்.

2019ஐ எடுத்துக்கொள்வோம். ராஃபிள்ஸ் வந்து 200 ஆண்டு. அந்த ஜனவரியில் சிங்கப்பூர் ஆற்றங்கரையில், ராஃபிள்ஸின் வெள்ளைச் சிலைக்குப் பக்கத்தில் இன்னும் நாலு சிலைகளை வைத்தார்கள்: சாங் நீல உத்தமா, முன்ஷி அப்துல்லா, டான் டோக் செங், நாராயண பிள்ளை. ராஃபிள்ஸ் தனியா ஒன்றும் வரலாற்றை உருவாக்கவில்லை என்று சொல்லும் ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். நாராயண பிள்ளை 1819 மே மாதம், ராஃபிள்ஸ் இரண்டாவது முறை வந்தபோது ‘இந்தியானா’ கப்பலில் பினாங்கிலிருந்து கூடவே வந்தவர். செங்கல் சூளை வைத்தவர், சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலுக்கு வழிசெய்தவர். நம்மில் பலர் அந்தச் சிலையோடு படம் எடுத்துப் பகிர்ந்தோம், ‘நம்ம ஆளு’ என்று.

அந்த நாலு சிலைகளும் அங்கே நின்றது சில நாட்கள்தான். ராஃபிள்ஸ் இன்னும் நிற்கிறார்.

இதைக் குறையாக மட்டும் சொல்லவில்லை, ஒரு கண்காட்சியை எப்படி வாசிப்பது என்பதற்கான முதல் பாடமாகவும் சொல்கிறேன். யார் இருக்கிறார் என்பதோடு எவ்வளவு நாள் இருக்கிறார், எதற்குப் பக்கத்தில் இருக்கிறார் என்றும் பார்க்க வேண்டும். அந்த ஏற்பாட்டின்படி நாராயண பிள்ளை ராஃபிள்ஸின் வாக்கியத்துக்குள் ஒரு ‘-உம்’ விகுதி. ராஃபிள்ஸும், இவர்களும். நடுவில் இருப்பவரை எடுத்துவிட்டால் மற்ற நால்வரும் அங்கே நிற்க ஒரு காரணமும் இல்லை.

அடுத்த மாதமே, 2019 பிப்ரவரி 1 அன்று, ஆசிய நாகரிகங்கள் அரும்பொருளகத்தில் ராஃபிள்ஸ் பற்றிய கண்காட்சி தொடங்கியது. பிரிட்டிஷ் மியூசியத்தோடு சேர்ந்து செய்தது, ஏப்ரல் கடைசிவரை இருந்தது. தலைப்பைத் தமிழில் சொன்னால், ‘தென்கிழக்காசியாவில் ராஃபிள்ஸ்: அறிஞரும் அரசியலாளரும், ஒரு மறுபார்வை’. அதே ஆண்டு செப்டம்பரில் லண்டனில் பிரிட்டிஷ் மியூசியமும் ராஃபிள்ஸ் சேகரிப்பை வைத்து ஒரு கண்காட்சி திறந்தது. அங்கே தலைப்பு, ‘சர் ஸ்டாம்ஃபர்ட் ராஃபிள்ஸ்: தென்கிழக்காசியாவில் சேகரிப்பு, 1811–1824’.

இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சிங்கப்பூர்த் தலைப்பு ‘அறிஞர்’ என்ற பட்டத்தை முன்வைத்து, அதை மறுபடி பார்க்கச் சொல்கிறது. லண்டன் தலைப்பு பட்டத்தை விட்டுவிட்டு ஒரு வினையைப் பிடிக்கிறது: சேகரித்தல். எனக்கு முதல் தலைப்பில் நேர்மை கூடுதலாகத் தெரிகிறது, ஏனென்றால் தான் எதைச் சந்தேகிக்கிறது என்று அது வெளிப்படையாகச் சொல்கிறது. ‘சேகரித்தல்’ அப்பாவியான சொல் மாதிரி வந்து உட்கார்ந்துகொள்கிறது. 1812இல் பிரிட்டிஷ் படை யோக்யகர்த்தா அரண்மனையைத் தாக்கியது, அங்கிருந்த ஏடுகளையும் செல்வத்தையும் கொண்டுபோனது. அப்போது ஜாவாவை ஆண்ட லெப்டினன்ட் கவர்னர் ராஃபிள்ஸ். அதற்கும் ‘சேகரித்தார்’, தபால்தலைக்கும் ‘சேகரித்தார்’ என்றால் எப்படி? தமிழில் நமக்கு வாங்கினார், பெற்றார், எடுத்துச் சென்றார், பறித்தார், சூறையாடினார் என்று வரிசையாகச் சொற்கள் இருக்கின்றன. குறிப்புச்சீட்டில் எந்த வினை வருகிறது என்பதில்தான் அந்தக் கண்காட்சியின் அரசியல் இருக்கிறது.

இது ஏதோ ஜாவாக்காரர்கள் கவலை என்று விட்டுவிட முடியாது. ஆசிய நாகரிகங்கள் அரும்பொருளகம் 2007இல் நியூயார்க் வணிகர் ஒருவரிடம் 650,000 அமெரிக்க டாலர் கொடுத்து ஒரு சோழர்காலச் செப்புத்திருமேனி வாங்கியது. உமா பரமேஸ்வரி. அது அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடப்பட்டது என்று பின்னர் தெரியவந்து, 2015இல் இந்தியாவிடம் திருப்பிக் கொடுக்கப்பட்டது. அரும்பொருளகத்தின் பதிவேட்டில் அது ‘வாங்கப்பட்டது’. ஸ்ரீபுரந்தான்காரர்களுக்கு ‘காணாமல்போனது’. ஒரே பொருள்தான், வினை யார் வாயில் இருக்கிறது என்பதுதான் வேறுபாடு.

இனி ஒரு படம். தேசியக் கலைக்கூடத்தின் சிங்கப்பூர்ப் பிரிவு 2015இல் ‘சியாப்பா நாமா காமு?’ என்ற நீண்டகாலக் கண்காட்சியோடு திறந்தபோது, தொடக்கத்திலேயே வைத்திருந்த படம் அது. ஜெர்மானிய ஓவியர் ஹைன்ரிஷ் லாய்ட்டமன் செய்த மரச்செதுக்கு அச்சு. சிங்கப்பூர்க் காட்டில் சாலைக்கு நில அளவை நடக்கிறது. அரசாங்கப் பொதுப்பணிகளைப் பார்த்த கோல்மன் அளவை செய்துகொண்டிருக்கும்போது புலி பாய்கிறது. அளவைக்கருவி சாய்கிறது, ஆட்கள் சிதறுகிறார்கள். 1835இல் நடந்ததாகச் சொல்லப்படும் சம்பவம், படம் வந்தது பல பத்தாண்டு கழித்து.

அந்தச் சிதறும் ஆட்கள் யார்? இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகள். 1825 முதல் வங்காளம், பம்பாய், மதராஸ் மாகாணக் கைதிகளைக் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே கொண்டுவந்து சாலை போடவும், சதுப்பு நிலத்தைத் தூர்க்கவும், கட்டடம் எழுப்பவும் பயன்படுத்தியது. மதராஸ் கைதிகளில் தமிழர்களும் உண்டு. கலைக்கூடத்திலிருந்து வெளியே வந்து சாலையைக் கடந்தால் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம். 1856இல் தொடங்கி, 1862இல் அர்ப்பணிக்கப்பட்டது, கைதிகளின் உழைப்பில் எழுந்தது. படத்தில் பெயரில்லாமல் விழுந்து கிடப்பவர்களின் வேலை எதிர்ப்பக்கம் வெள்ளைவெளேரென்று நிற்கிறது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இதே படம் சுவர் மாறும்போது பொருளும் மாறுகிறது. கலைக்கூடத்தில் அது சிங்கப்பூர் ஓவிய வரலாற்றின் முன்னுரை: வெளியிலிருந்து வந்த கண் இந்தத் தீவை எப்படிக் கற்பனை செய்தது என்பதற்குச் சாட்சி. 2023 நவம்பரில் சிங்கப்பூர் கலை அரும்பொருளகம், தஞ்சோங் பகார் டிஸ்ட்ரிபார்க்கில், ஹோ ட்சு நியன் படைப்புகளை மொத்தமாகக் காட்டியது. அதில் இருந்த ‘ஒன்றோ பலவோ புலிகள்’ என்ற காணொளிப் படைப்பு இந்தப் படத்திலிருந்தே பிறந்தது. புலியும் கோல்மனும் மாறி மாறிப் பாடுகிறார்கள். மலாய் உலகின் புலி, மனிதனாகவும் மாறும் புலி, அளவைக்கருவியை எதிர்க்கிறது. காலனியத்தைப் புலியின் பக்கத்திலிருந்து படிக்கும் வாசிப்பு. அற்புதமான படைப்பு, சந்தேகமில்லை. விழுந்து கிடக்கும் கைதியின் பக்கத்திலிருந்து இந்தப் படத்தைத் தமிழில் வாசிப்பது நம் வேலை. நாவலாசிரியர் செய்யலாம், கவிஞர் செய்யலாம். முதலில் யாராவது படத்துக்கு முன்னால் போய் ஐந்து நிமிஷம் நிற்கணும்.

நாம் நிற்பதில்லை. ஏனென்றால் நம் வாசிப்புமுறை எண்ணிக்கைமுறை. உள்ளே நுழைந்ததும் ‘தமிழ் இருக்கா? தமிழர் இருக்காங்களா?’ என்று தேடுகிறோம். இருந்தால் மகிழ்ச்சி, இல்லையென்றால் கோபம். இரண்டிலும் சிந்தனை அதோடு முடிந்துவிடுகிறது. இந்த எண்ணிக்கைக்கு நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். பெரும்பாலான குறிப்புச்சீட்டுகள் ஆங்கிலத்திலேயே இருக்கும் ஊரில் அது இயல்பான தற்காப்பு. ஆனால் இருப்பைக் கண்டுபிடித்த பிறகு கேட்க வேண்டிய கேள்வி வேறு: அந்த வாக்கியத்தில் தமிழர் எழுவாயா, செயப்படுபொருளா?

இந்திய மரபுடைமை நிலையம் 2019 இறுதியில் நடத்திய தமிழ் மரபுக் கண்காட்சியையும் இப்படித்தான் பார்க்க விரும்புகிறேன். சோழமண்டலக் கரையிலிருந்து நீரிணைவரை என்பது தலைப்பின் பொருள். அதன் பலம் தெளிவானது. இந்தப் பகுதியில் தமிழர் கதை 1819இல் தொடங்கவில்லை என்று அது சொன்னது. ராஃபிள்ஸ் கூட்டிவந்த ‘-உம்’ விகுதியிலிருந்து வெளியே வர இது ஒன்றே வழி. 1088இல் சுமத்ராவின் பாரூஸில் தமிழ் வணிகக்குழு கல்வெட்டு வைத்திருக்கிறது என்றால், அங்கே தமிழர் எழுவாய்.

என் மறுப்பு அந்தத் தலைப்பில் இருக்கும் ‘இருந்து–வரை’ மீது. அது எல்லாவற்றையும் ஒரே பயணமாக்குகிறது. பாரூஸ் வணிகர் தன் சரக்கோடு, தன் குழுவின் பலத்தோடு கடல் கடந்தார். கைதி விலங்கோடு கடந்தார். தோட்டத்துக்குப் போனவர் கடனோடு கடந்தார். மூன்றும் ஒரே கடல் என்பதால் ஒரே கதை ஆகிவிடாது. நேர்கோடு போட்டால் முன்னால் இருக்கும் வணிகரின் பெருமை பின்னால் வருபவரின் விலங்கை மறைத்துவிடும். பெருமைக்குப் பெயர் வேண்டும், கல்வெட்டு வேண்டும். விழுந்து கிடப்பவனிடம் இரண்டும் இல்லை.

இந்த மறுப்பை அப்போதே விரிவாக எழுதிச் சண்டை போட்டிருக்க வேண்டும். 2020 ஏப்ரலில் கிருமிப்பரவல் முறியடிப்பு வந்து அரும்பொருளகங்கள் மூடிய பிறகு விவாதிக்க அறையே இல்லை. அதே காலத்தில் வெளிவந்த, அருண் மகிழ்நனும் நளினா கோபாலும் தொகுத்த இரண்டு தொகுதி ஆய்வுநூல் இருக்கிறது, அதோடு இன்றும் விவாதிக்கலாம். ஆனால் எந்தப் பொருளை எதற்குப் பக்கத்தில் வைத்தார்கள், எதில் தொடங்கி எதில் முடித்தார்கள் என்பதைப் பார்த்தவர்கள் எழுதாவிட்டால் எந்த நூலிலும் தேடிப் பிடிக்க முடியாது. ‘நிரந்தரம்’ என்று நினைத்த ‘சியாப்பா நாமா காமு?’கூட இப்போது இல்லை. பத்து வருஷம் கழித்து, 2025இல் அந்த இடத்துக்குப் புதிய கண்காட்சி வந்துவிட்டது.

ஆகவே அடுத்த முறை போகும்போது ஒரு நோட்டுப்புத்தகம் கொண்டுபோங்க. முதல் பொருள் என்ன, கடைசிப் பொருள் என்ன, குறித்துக்கொள்ளுங்கள். குறிப்புச்சீட்டில் வினைச்சொற்களை மட்டும் எழுதி எடுங்கள். பொருளுக்குக் கீழே சின்ன எழுத்தில் யாரிடமிருந்து வந்தது என்று போட்டிருப்பார்கள், அதையும் படியுங்கள். படத்தில் யார் கையில் கருவி, யார் கையில் மண்வெட்டி என்று பாருங்கள். பிறகு வீட்டுக்கு வந்து, கண்காட்சி மூடுவதற்குள் எழுதுங்கள். ஆயிரம் சொல் போதும். கலைவரலாறு படித்திருக்கத் தேவையில்லை. கவிதையில் ஒரு வரி ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்கத் தெரிந்தவருக்கு, ஒரு சிலை ஏன் அங்கே இருக்கிறது என்றும் கேட்கத் தெரியும்.