டின்னின் அடியில் தங்கிவிடும் ஈஸ்ட்

சிங்கப்பூர்ப் பேரங்காடிகளில் ஜெர்மனியின் கோதுமை பியர் இரண்டு உருவங்களில் கிடைக்கிறது: அரை லிட்டர் பழுப்புப் போத்தல், அரை லிட்டர் அலுமினிய டின். வைஹென்ஸ்டெஃபானர், பாவ்லானர், ஃப்ரான்சிஸ்கானர், எர்டிங்கர் என்ற பெயர்களையும், பாதிக்குக் குறையாத கோதுமை மால்ட், 5 சதவீதத்தை ஒட்டிய ஆல்கஹால் என்ற கணக்கையும் இதை வாங்கிப் பழகியவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. எதைக் கூடையில் போடுவது என்பதுதான் கேள்வி. இதைப் பற்றிய வாதம் எப்போதும் வெளிச்சம், உலோக வாடை, சுமை என்ற மூன்றையே சுற்றி வரும். சில வாரங்களாக இரண்டையும் அடுத்தடுத்து ஊற்றிப் பார்த்த பிறகு, அந்த மூன்றும் ஓரத்து விஷயங்கள் என்றே தோன்றுகிறது. வடிகட்டாத கோதுமை பியரில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது ஈஸ்ட்தான். திறக்கும் நொடிவரை டின் ஜெயிக்கிறது, திறந்ததும் தோற்கிறது. அந்தத் தோல்விக்கும் உலோகத்துக்கும் தொடர்பில்லை. டின்னுடைய அடிப்பாகத்தின் வடிவமே காரணம்.

முதலில் வெளிச்சத்தை முடித்துவிடலாம். ஹாப்ஸின் கசப்புப் பொருள்கள் வெளிச்சம் பட்டால் சிதைகின்றன. பியரில் இயல்பாகவே இருக்கும் ரிபோஃப்ளேவின் அதற்குத் துணைபோகிறது. கடைசியில் உருவாவது கந்தகம் சேர்ந்த ஒரு பொருள். அது மிகச் சொற்ப அளவில் இருந்தாலே பியர் நாறும். நிறமற்ற கண்ணாடி இதைத் தடுக்காது, பச்சைக் கண்ணாடி கொஞ்சமே தடுக்கும், பழுப்புக் கண்ணாடி பெரும்பகுதியைத் தடுக்கும், அலுமினியம் முழுவதையும் தடுத்துவிடும். டின்னை ஆதரிப்பவர்கள் இதைத்தான் முதல் வாதமாக வைப்பார்கள். லேகருக்கு அது பொருந்தும். கோதுமை பியரில் அதற்கு அவ்வளவு எடையில்லை. பில்ஸ்னரில் இருக்கும் கசப்பில் பாதியளவே இதில் இருக்கும். சிதைவதற்கான பொருளே குறைவு, அதுவும் பழுப்புக் கண்ணாடிக்குள் இருக்கிறது. கடை விளக்குக்கு நேர் கீழே மாதக்கணக்கில் நிற்காத போத்தலுக்கு இந்த ஆபத்து சிறியது.

காற்றும் காலமும்தான் பெரிய எதிரிகள். கோதுமை பியரின் வாழைப்பழ மணம் ஐசோஅமைல் அசிட்டேட் என்ற எஸ்டரிலிருந்து வருகிறது. கிராம்பு மணம் 4-வினைல்குவையக்கோலிலிருந்து வருகிறது. இரண்டும் ஈஸ்டின் வேலையால் உண்டாகுபவை, இரண்டும் நாள்பட்டால் தேய்பவை. அவை தேய்ந்த பியர் கெட்டுப்போனதல்ல, ஆனால் அதைத் தேடி வாங்கியதற்கான காரணம் அதில் இல்லை. போத்தலின் நெளிமூடிக்குள் இருக்கும் மெல்லிய பூச்சு வழியே ஆக்சிஜன் மிக மெதுவாக உள்ளே கசியும். டின்னின் மடித்து அழுத்திய விளிம்பில் அந்தக் கசிவு இல்லை. டின் நிரப்பும்போது வாய் முழுக்கத் திறந்திருப்பதால் காற்று அப்போதே புகுந்துவிடாதா என்று கேட்கலாம். பழைய இயந்திரங்களின் காலத்தில் அது நியாயமான குறை. இன்று பெரிய ஆலைகள் கரியமில வாயுவை ஊதிக் காற்றை வெளியேற்றிவிட்டே நிரப்புகின்றன. வெப்பத்திடமிருந்து மட்டும் இரண்டுமே பியரைக் காப்பாற்றாது. வட கடல் துறைமுகத்திலிருந்து வாரக்கணக்கில் கப்பலில் வரும் கொள்கலனுக்குள் கண்ணாடியும் அலுமினியமும் ஒரே மாதிரிதான் சூடாகும். ஆக, பயணத்தைப் பொறுத்தவரை டின் முன்னால் நிற்கிறது, கொஞ்சம்தான் என்றாலும்.

இனி அடிப்பாகம். அலுமினிய டின்னின் அடி உள்நோக்கி வளைந்திருக்கும். அந்த வளைவு இல்லாமல் அவ்வளவு மெல்லிய தகடு உள்ளழுத்தத்தைத் தாங்காது. உள்ளிருந்து பார்த்தால் அது கவிழ்த்து வைத்த கிண்ணம். அதைச் சுற்றிலும் குறுகலான ஒரு பள்ளம் ஓடும். கப்பலிலும் கிடங்கிலும் அலமாரியிலும் நிமிர்ந்தே நிற்கும் டின்னில், ஈஸ்ட் வண்டல் முழுவதும் சறுக்கி அந்தப் பள்ளத்தில் இறங்கி இறுகிக்கொள்ளும். போத்தலுக்கு இதற்கென்றே ஒரு பழகிய முறை உண்டு: ஐந்தில் நான்கு பங்கை மெதுவாக ஊற்றி, மிச்சத்தைச் சுழற்றி, எழும்பிய வண்டலை நுரையோடு சேர்த்து மேலே விடுவது. எவ்வளவு மிச்சம், வண்டல் கிளம்பிவிட்டதா என்பதெல்லாம் கண்ணாடி வழியே தெரியும். டின்னில் எதுவுமே தெரியாது. ஓரத்தில் உள்ள ஓட்டை வழியாகப் பியர் வெளியேற, அதே ஓட்டையில் காற்று குபுக் குபுக்கென்று உள்ளே போகும். அந்தக் குலுக்கல் நுரையைக் கிளப்பும், பள்ளத்தில் இறுகியதைக் கிளப்பாது. கடைசியில் சுழற்றினால் பாதி வண்டல் வரும், பாதி டின்னோடு குப்பைக்குப் போகும். கோப்பையில் இருப்பது மங்கலாகத்தான் தெரியும், ஏனென்றால் மங்கலுக்குக் கோதுமைப் புரதமும் ஒரு காரணம். ஆனால் ரொட்டி வாசனையும் நாக்கில் உருளும் தடிப்பும் குறைந்திருக்கும். ஒரே ஆலையின் பியர் டின்னில் தண்ணியாக இருக்கிறது என்று பலர் சொல்வதற்குக் காரணம், அவர்கள் அதன் ஒரு பகுதியைக் குடிக்கவே இல்லை என்பதுதான்.

நல்லவேளையாக, இது தீர்க்க முடியாத குறையல்ல. குடிப்பதற்கு முந்தைய இரவே டின்னைக் குளிர்பதனப் பெட்டியில் தலைகீழாக வைத்தால், வண்டல் பள்ளத்தை விட்டுத் தட்டையான மூடிப் பக்கம் இறங்கும். திறப்பதற்குச் சற்று முன் நிமிர்த்தினால் அது பியர் முழுவதும் பரவும். அவ்வளவு முன்யோசனை இல்லாதவர்கள் மேசைமேல் படுக்கவைத்து மெதுவாகச் சில முறை உருட்டி, ஒரு நிமிடம் நிற்கவைத்துத் திறக்கலாம். உருட்டினால் பொங்காதா? வெதுவெதுப்பான டின் பொங்கும். நன்றாகக் குளிர்ந்ததை உருட்டினால், குலுக்காதவரை பொங்காது. கோப்பையைத் தண்ணீரில் நனைத்துச் சாய்த்துப் பிடித்தால் மிச்ச நுரையும் அடங்கும். என் எரிச்சல் ஆலைகள் மேல்தான். போத்தலின் காகித முத்திரையைவிட டின்னின் சுவரில் எவ்வளவோ இடம் இருக்கிறது. துறவிகளுக்கும் அரச சின்னங்களுக்கும் ஆண்டுக் கணக்குகளுக்கும் கிடைக்கிற அந்த இடத்தில், தலைகீழாக வையுங்கள் என்ற ஒரு வரி பெரிய எழுத்தில் இருக்க வேண்டும்.

உலோக வாடை என்ற புகாருக்கு விடை எளிது. டின்னின் உட்புறம் முழுவதும் பூச்சு இருப்பதால் பியர் அலுமினியத்தைத் தொடுவதே இல்லை. அந்தப் பூச்சில் இருந்த பிபிஏ என்ற வேதிப்பொருள் குறித்த கவலை வெற்றுப் பயமல்ல. ஐரோப்பிய ஒன்றியம் 2024 இறுதியில் உணவு தொடும் பொருள்களில் அதைத் தடைசெய்து, மாறிக்கொள்ளத் தொழிலுக்கு அவகாசமும் கொடுத்திருக்கிறது. உலோகமாகத் தெரியும் மணம், பெரும்பாலும் டின்னில் வாய் வைத்துக் குடிப்பவரின் மூக்குக்கு விளிம்பிலிருந்து வருவது. உயரமான கோப்பை இல்லாமல் கோதுமை பியர் குடிப்பவருக்குப் போத்தலும் உதவாது.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு: நல்ல கோதுமை பியர் போத்தலுக்குள்ளேயே இரண்டாம் முறை நொதிக்கிறது, டின்னில் அதற்கு வழியேது? 1872-இல் தொடங்கிய ஷ்னைடர் ஆலை அந்த முறையை இன்றும் விடவில்லை. எர்டிங்கர் அதையே தன் பெருமையாக விளம்பரப்படுத்துகிறது. ஆனால் அதே எர்டிங்கர் தன் பெயரை டின்னிலும் விற்கிறது. அப்படியானால் போத்தல் எவ்வளவு இன்றியமையாதது என்று கேட்பது நியாயமே. டின்னுக்குள் நொதிக்கவைக்க முடியாது என்பதும் சரியல்ல. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்து மூர் ஆலை அதைச் செய்து, மரபு ஏல்களுக்காகப் போராடும் காம்ரா அமைப்பின் அங்கீகாரத்தையே பெற்றது. அது வாயு குறைந்த ஆங்கில ஏல் என்பது வேறு விஷயம். கோதுமை பியரில் வாயு அதிகம், டின் தகடு தாங்கும் அழுத்தத்துக்கோ எல்லை உண்டு. உள்ளே நொதித்து வாயு ஏறிய பியர் வெயிலில் கிடந்தால் கனத்த கண்ணாடிதான் பாதுகாப்பு. எனவே ஷ்னைடர் வகைப் பியருக்குப் போத்தல் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆலைத் தொட்டியில் முதிர்ந்து பிறகு அடைக்கப்படும் பியர்களுக்கு இந்த வாதம் செல்லாது.

ஜெர்மானியர்களே டின்னை மதிப்பதில்லையே என்பார்கள். உண்மைதான், ஆனால் அதற்குக் காரணம் சுவை மட்டுமல்ல. 2003 ஜனவரியில் அங்கே ஒருமுறைப் பொதிகளுக்கு முன்பணம் கட்டாயமானபோது டின் பியரின் விற்பனை சரிந்தது. இன்றும் டின்னுக்கு 25 சென்ட், திரும்ப நிரப்பும் பியர் போத்தலுக்கு 8 சென்ட். அந்தப் போத்தல் ஆலைக்குத் திரும்பி, கழுவப்பட்டு, பல பத்து முறை நிரப்பப்படும். பவேரியாவுக்குள் போத்தலை விரும்ப அது நல்ல காரணம். கடல் தாண்டிய போத்தல் திரும்பிப் போவதில்லை. முந்நூற்றைம்பது கிராமை ஒட்டிய கண்ணாடி ஒருவழிப் பயணமாக வந்து நம் குப்பைத் தொட்டியில் முடிகிறது. இருபது கிராம்கூட இல்லாத டின்னை உருக்கி மறுபடி டின்னாக்கலாம். 2026 ஏப்ரலைத் தொடக்கமாகக் கொண்ட சிங்கப்பூரின் 10 காசு முன்பணத் திட்டமும் பிளாஸ்டிக் போத்தல்களையும் உலோக டின்களையும்தான் சேர்த்திருக்கிறது, கண்ணாடியை அல்ல.

போத்தலுக்குச் சாதகமாக மிஞ்சும் உண்மையான வாதம் ஒன்றே: அது தன் வயதை மறைப்பதில்லை. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், இளம் பியரில் வண்டல் சிறு அசைவிலேயே கரைந்து எழும். கிழடானதில் அது அடியில் அப்பிக்கிடக்கும், செதில் செதிலாகப் பிரியும். டின் பியரை நன்றாகக் காக்கிறது, ஆனால் அதன் நிலையைச் சொல்வதில்லை. வாங்குபவருக்கு இருக்கும் ஒரே சாட்சி, அடியில் அச்சிட்ட தேதி. ஆகவே சரக்கு வேகமாக நகரும் கடையில், தேதி தூரத்தில் இருந்தால், தயங்காமல் டின். தூசி படிந்த அலமாரியில் போத்தலை எடுத்து வெளிச்சத்தில் பார்த்த பிறகே பணம். வடிகட்டிய க்ரிஸ்டால் வகையில் வண்டலே இல்லை என்பதால் அங்கே டின்னுக்கு எதிராகச் சொல்ல ஒன்றுமில்லை. மற்றபடி, முந்தைய இரவே கவிழ்த்து வைக்கும் பழக்கம் உள்ளவர் இறக்குமதிப் போத்தலுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் ஒவ்வொரு வெள்ளியும் கண்ணாடிக்குத்தான் போகிறது, பியருக்கு அல்ல.