கோடு போட்ட விலைக்குச் சாட்சி யார்?

மலேசியாவின் கம்போங் மேடானிலும் அதை அடுத்த டேசா மெந்தாரி அடுக்குமாடிகளிலும் தீபாவளி நெருங்க நெருங்கப் பொட்டலங்கள் வந்து குவிகின்றன. சேலை எடுக்கப் பிரிக்ஃபீல்ட்ஸுக்கோ கிள்ளானின் தெங்கு கிளானா சாலைக்கோ போகிற குடும்பங்கள்கூட மிக்ஸி, ரைஸ் குக்கர், பிள்ளைகளின் காலணி என்றால் ஷாப்பி, லஸாடா போன்ற இணையக் கடைகளைத் திறக்கின்றன. 9.9, 10.10, 11.11 என்று மாதத்துக்கு ஒரு மலிவு விற்பனை வருகிறது. திரையில் 399 வெள்ளி என்று போட்டு அதன்மேல் ஒரு கோடு. பக்கத்தில் 189 என்று கொட்டை எழுத்து. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி என்றிருக்கும் நாட்டில் 210 வெள்ளி வித்தியாசம் சின்னத் தொகை அல்ல. அந்த 399-க்கு அந்தப் பொருள் என்றைக்காவது விற்றதா? விலை கண்காணிப்புக் கருவிகளை இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் எடைபோட வேண்டும் என்பது என் கருத்து.

பிரவுசரில் சேர்த்துக்கொள்ளும் இந்தக் கருவிகள் செய்வது எளிய வேலை. ஒரு பொருளின் விலையை நாள்தோறும் குறித்து வைத்து வரைபடமாகக் காட்டுகின்றன. நாம் குறித்த தொகைக்கு விலை இறங்கினால் தகவல் அனுப்புகின்றன. அமேசானுக்காக 2008-இல் தொடங்கிய கேமல்கேமல்கேமல், பிறகு வந்த கீப்பா இரண்டும் இதில் பெயர் பெற்றவை. விலை இறங்கியதும் மணியடிப்பதைத்தான் பலரும் இவற்றின் பெரிய பயனாகச் சொல்கிறார்கள். என்னைக் கேட்டால் அந்த வரைபடம்தான் பெரிது. விற்பனைக்குப் பத்து நாள் முன்பு விலையை ஏற்றி, விற்பனை நாளில் பழைய இடத்துக்கே இறக்கிவிட்டு ‘பாதி விலை’ என்று கூவினால், அந்த ஏற்றமும் இறக்கமும் படத்தில் அப்படியே நிற்கும். விற்பவரின் கையில் மட்டும் இருந்த கணக்கு வாங்குபவரின் கைக்கும் வருகிறது. இதற்கு முன் சாமானியருக்கு இப்படி ஒரு வசதி இருந்ததில்லை.

ஆனால் இந்தப் பலன் நம் வட்டாரத்துக்கு அரைகுறையாகத்தான் வந்து சேர்கிறது. மலேசியாவுக்கென்று அமேசான் கடை கிடையாது. அதனால் இருப்பவற்றில் நம்பகமான கருவிகள் நமக்கு அதிகம் உதவுவதில்லை. இங்கே பெரும்பாலோர் வாங்குவது கைப்பேசிச் செயலியில். கணினியின் பிரவுசரில் உட்கார்ந்திருக்கும் கருவி அந்தச் செயலிக்குள் எட்டிப் பார்க்க முடியாது.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. ஷாப்பியில் பக்கத்தில் தெரியும் விலைக்கும் கடைசியில் கட்டும் விலைக்கும் நடுவே கடையின் வவுச்சர், தளத்தின் வவுச்சர், தளம் தரும் நாணயங்கள், அனுப்பும் கட்டணம், நேரலையில் மட்டும் தரும் கழிவு என்று பல படிகள் உள்ளன. ஒரே பொருளை ஒரே மாடியில் இருக்கும் இரண்டு பேர் இரண்டு விலைக்கு வாங்கலாம். வரைபடம் காட்டுவது யாருடைய விலை? இன்னொரு தந்திரம் இன்னும் மோசம். மிக்ஸி விற்கும் பக்கத்திலேயே தெரிவுகளில் ஒன்றாக மூன்று வெள்ளி ரப்பர் வளையத்தையும் சேர்த்துவிடுகிறார்கள். தேடும்போது ‘3 வெள்ளியிலிருந்து’ என்று வருகிறது. தெரிவுகளைப் பிரித்துப் பார்க்கத் தெரியாத கருவி, மிக்ஸியின் விலை தரையில் விழுந்துவிட்டதென்று தகவல் அனுப்பிவிடும்.

அடுத்த கேள்வி, இலவசமாகக் கிடைக்கும் கருவிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்பது. பெரும்பாலும் தரகுக் கூலியிலிருந்து. நாம் வாங்கும்போது, அனுப்பி வைத்தவர் என்ற முறையில் கருவிக்கு ஒரு பங்கு போகும். அதில் தவறில்லை, மறைக்காத வரை. 2012-இல் தொடங்கிய ஹனி என்ற கருவியைப் பேபால் நிறுவனம் ஏறக்குறைய 400 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்கியது. பொருளைப் பரிந்துரைத்த யூடியூபர்களுக்குப் போக வேண்டிய தரகை ஹனி தன் பக்கம் திருப்பிக்கொள்கிறது என்று 2024 டிசம்பரில் ஒரு காணொளி குற்றம் சாட்டியது; வழக்குகளும் தொடுக்கப்பட்டன. 2025 மார்ச்சில் கூகள் தன் குரோம் விதிகளைத் திருத்தி, பயனருக்கு நேரடிப் பலன் ஏதும் தராமல் கருவிகள் தரகு இணைப்பைச் செருகக் கூடாது என்றது. குற்றச்சாட்டு ஒருபுறம் இருக்கட்டும். இத்தகைய கருவிகள் பல, நிறுவும்போதே எல்லாத் தளங்களிலும் உங்கள் தரவைப் படிக்கவும் மாற்றவும் அனுமதி கேட்கின்றன. நாலு வெள்ளி மிச்சம் பிடிக்க வைத்த கருவி, அதே பிரவுசரில் வங்கிக் கணக்கைத் திறக்கும்போதும் அங்கேயே இருக்கிறது. இதைப் பலர் யோசிப்பதே இல்லை. கருவி வேண்டுமென்றால் அதற்குத் தனி பிரவுசர் வைத்துக்கொள்ளுங்கள், வங்கிக்கு வேறு.

கண்காணிப்பே ஆசையை வளர்க்கும் என்பதும் உண்மை. விலை இறங்கும் என்று மூன்று வாரம் காத்திருந்த பொருளை, இறங்கியதும் தேவை பார்க்காமல் வாங்கிவிடுகிறோம். முதலில் தேவையா என்று பார் என்பது, 2019-இல் மறைந்த எஸ்.எம். முகமது இத்ரிஸ் தலைமையில் பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் பல ஆண்டுகள் சொல்லிவந்த பாடம். எந்த வரைபடமும் அதைக் கேட்பதில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் கருவிகளைத் தூக்கி எறியச் சொல்ல மாட்டேன். அவை சரியான கேள்வியைக் கேட்கின்றன. பதில் சொல்லும் கடமை விற்பவருக்கு உரியது என்பதுதான் என் வாதம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 மே 28 முதல், விலைக்குறைப்பை அறிவிக்கும் கடை முந்தைய 30 நாளின் மிகக் குறைந்த விலையையும் காட்ட வேண்டும். ஜெர்மனியில் அல்டி சூட் கடை வாழைப்பழத்தை 1.69 யூரோவிலிருந்து 1.29-க்கு, 23 விழுக்காடு கழிவில் தருவதாக விளம்பரம் செய்தது. 30 நாளில் மிகக் குறைந்த விலையும் அதே 1.29-தான் என்று அதிலேயே சின்ன எழுத்தில் இருந்தது. கழிவைக் கணக்கிட வேண்டியது அந்த 30 நாள் விலையிலிருந்துதான் என்று 2024 செப்டம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அங்கே வாங்குபவர் எந்தக் கருவியையும் நிறுவ வேண்டியதில்லை.

நம் நாட்டில் மலிவு விற்பனை விலை பற்றிய விதிமுறைகள் 1997-இல் வந்தவை. இணையக் கடை பரவாத காலத்தில் எழுதப்பட்டவை. மின்வணிக விதிகள், அனுப்பும் செலவு உட்பட முழு விலையைக் காட்டச் சொல்கின்றன. கோடு போட்ட ஒவ்வொரு விலைக்கும் பக்கத்தில் 30 நாள் குறைந்த விலையும் இருக்க வேண்டும் என்று உள்நாட்டு வாணிப அமைச்சு கட்டாயமாக்க வேண்டும். தளங்களிடம் அந்தக் கணக்கு ஏற்கெனவே இருக்கிறது.

அதுவரை, வாங்க நினைக்கும் பொருளின் பக்கத்தை விற்பனைக்கு முன்பே தேதியோடு படம்பிடித்து வையுங்கள். விற்பனை நாளில் இன்னொன்று எடுங்கள். ஏமாற்றப்பட்டால் அந்த இரண்டு படங்களோடு பயனீட்டாளர் உரிமைகோரல் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். மனுக் கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரை கேட்கலாம்.