காப்பாளர் அள்ளிய மண்

கட்டிடத்தையும் பிரதியாக வாசிக்கலாம் என்பது நமக்குப் பழகிப்போன பேச்சு. அந்தப் பிரதியின் பக்கங்களைக் கிழித்தவரே அதன் பாதுகாவலராகவும் இருந்திருந்தால்? மாபெரும் ஜிம்பாப்வேயின் கூம்புக் கோபுரத்தை முன்வைத்து இதைக் கேட்கிறேன்.

உயரம் சுமார் 10 மீட்டர். சாந்து கிடையாது, கருங்கல் துண்டுகளை வரிசை வரிசையாக அடுக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான். உள்ளே அறை இல்லை, படி இல்லை, முழுக்கக் கல். தானியக் குதிரின் உருவம் என்பார்கள் சிலர், ஆண்குறி என்பார்கள் சிலர். உள்ளீடற்றது என்றால் ஆளுக்கொரு பயனைச் சொல்லிவிட்டுப் போகலாம். இது அதற்கும் இடம்கொடுக்காத கோபுரம்.

1871இல் வந்த கார்ல் மௌக் இங்கே ஷீபா ராணியைக் கண்டார். 1891இல் ரோட்ஸின் ஆதரவோடு தோண்டிய பென்ட்டும் கட்டியவர்களை ஆப்பிரிக்காவுக்கு வெளியேதான் தேடினார். நிலத்தைப் பிடுங்கியவர்களுக்கு, அந்த நிலத்துக்காரர்கள் கட்டத் தெரிந்தவர்களாக இருப்பது சங்கடம்தானே. இவையெல்லாம் வெறும் வியாக்கியானங்கள், மறுத்து எழுதிவிடலாம். 1902இல் காப்பாளராக வந்த ரிச்சர்ட் ஹால் செய்ததை எப்படி மறுத்து எழுதுவது? பிற்கால ஆப்பிரிக்கர் விட்டுப்போன குப்பை என்று சொல்லி, மீட்டர் கணக்கில் மண்ணடுக்குகளை வாரி வெளியே கொட்டினார். காலத்தைச் சொல்லும் சாட்சியே அந்த மண்தான். கல் பத்திரமாக நின்றது, வரலாறு போய்விட்டது. (மணலை வீசியடித்துக் கல்வெட்டு எழுத்துகளை மழுக்கிய நம்மூர்த் திருப்பணிகள் ஞாபகம் வந்தால் நான் பொறுப்பல்ல.)

1905இல் ராண்டல்-மக்கைவரும், 1929இல் கெர்ட்ரூட் கேட்டன்-தாம்ப்சனும் மிஞ்சிய அடுக்குகளை வைத்தே இது ஆப்பிரிக்கர் கட்டியது என்று நிறுவினார்கள். ஷோனா மக்களின் முன்னோர் கட்டியது. 11 முதல் 15ஆம் நூற்றாண்டு வரையிலான காலம். அப்புறமும் ரொடீஷிய வெள்ளை அரசு அதை உரக்கச் சொல்ல விடவில்லை. தொல்லியலாளர் பீட்டர் கார்லேக் 1970இல் நாட்டை விட்டே போகவேண்டி வந்தது.

1980இல் நாட்டுக்கே இந்த இடத்தின் பெயர் வந்தது, 1986இல் யுனெஸ்கோ பட்டியல். விஷயம் முடிந்தது என்று நம்மாட்கள் எழுதிவிடுவார்கள். முடியவில்லை. வெபர் இந்தோரோ 2001இல் வெளியிட்ட நூலின் தலைப்பே 'உங்கள் நினைவுச்சின்னம், எங்கள் கோயில்' என்று பொருள்படும். சுற்றியுள்ள குலத்தாருக்கு இது வழிபாட்டிடம். பாதுகாப்பின் பேரில் அவர்களை வெளியே நிறுத்தியது காலனியம். வேலியைத் தேசமும் எடுத்துவிடவில்லை. சாந்தில்லாத சுவர் புடைக்கும், சரியும். அளவெடுத்துத் திரும்ப அடுக்க நிபுணர்கள் இருக்கிறார்கள். வேலிக்கு இந்தப்பக்கம் நிற்பவரை எந்த அளவுகோலால் அளப்பார்களாம்?