ஒளிப்படமும் சுட்டும்: திருவிதாங்கூர் ஒளிப்படங்களை முன்வைத்து ஒரு மதிப்பீடு

ஒளிப்படக் கலைஞர் ஒருவரைச் 'சிறந்தவர்' என்று கூறும்போது அச்சொல் எதன்மேல் நிற்கின்றது என்னும் வினா தமிழ்த் திறனாய்வில் அரிதாகவே எழுப்பப்படுகின்றது. கவிஞரைச் சிறந்தவர் என்றால் அவருடைய சொல்லாட்சியைக் காட்டலாம். சிற்பியைச் சிறந்தவர் என்றால் உளியின் தடத்தைக் காட்டலாம். ஒளிப்படத்திலோ வரைவது கருவி. ஒளியே தன் தடத்தைப் பதித்துக்கொள்கின்றது. ஆகவே பாராட்டு இரண்டில் ஒரு பக்கம் சாய்ந்துவிடுகின்றது. படத்தில் உள்ள பொருள் பெரியதாயின் படமும் பெரியது எனப்படுகின்றது; அன்றேல் வில்லையின் திறனும் அச்சின் தெளிவும் புகழப்படுகின்றன. முன்னதில் புகழ் பொருளுக்குரியது, பின்னதில் கருவிக்குரியது. எடுத்தவருக்கு எஞ்சுவது யாது என்பதை, திருவனந்தபுரத்தையும் அதனைச் சூழ்ந்த பகுதிகளையும் களமாகக் கொண்ட படங்கள் சிலவற்றையும், ஒப்பீட்டிற்காகத் தஞ்சையில் 1858-இல் எடுக்கப்பட்ட படத்தொடர் ஒன்றையும் கொண்டு இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

வழக்கிலுள்ள சொற்களே ஓரளவு வழிகாட்டுகின்றன. புகைப்படம், நிழற்படம், ஒளிப்படம் என்னும் மூன்றும் படத்தின் ஆக்கத்தையோ தோற்றத்தையோ குறிப்பனவேயன்றி எடுப்பவரின் செயலைக் குறிப்பன அல்ல. செயலைக் குறிப்பது வினைச்சொல். தமிழில் படம் 'எடுக்கப்படுகின்றது', சில வேளைகளில் 'பிடிக்கப்படுகின்றது'. மலையாளத்தில் திரைப்பட ஒளிப்பதிவுக்குச் 'சாயாக்கிரகணம்' என்பர், கிரகணமும் பற்றுதலே. வரைதலும் வனைதலும் இங்கு இல்லை. கிடப்பவற்றுள் ஒன்றைத் தெரிந்தெடுத்தலே இவ்வினைகள் சுட்டும் செயல். 'எடுத்துக்காட்டு' என்னும் சொல்லை ஈண்டு நினைவுகூரலாம். பலவற்றுள் ஒன்றை எடுத்துப் பிறர்க்குக் காட்டுவது எடுத்துக்காட்டு. ஒளிப்படக் கலைஞரின் தொழிலுக்கு இதனினும் பொருத்தமான பெயரை யாரேனும் திட்டமிட்டு ஆக்கியிருப்பாரா என்பது ஐயமே.

எடுத்துக் காட்டுதல் மொழியில் சுட்டின் வேலை. சார்லஸ் பெர்ஸ் குறிகளை வகைப்படுத்தியபோது, பொருளோடு நேரடித் தொடர்பால் உண்டாவது என்னும் காரணத்தால் ஒளிப்படத்தைச் சுட்டுக்குறியின் பாற்படுத்தினார். ரொலான் பார்த் 1980-இல் வெளியிட்ட ஒளிப்பட நூலிலும் ஒளிப்படம் சுட்டு மொழிக்கு நெருக்கமானது என்னும் கருத்து இடம்பெற்றுள்ளது. ஆயினும் பார்த்தின் அக்கறை பார்ப்பவரின் அனுபவம் பற்றியது. எடுப்பவரின் நிலையை அவர் வேண்டுமென்றே ஒதுக்கிவிடுகின்றார். தமிழ்ச் சுட்டு அமைப்பு இவ்விடத்தில் மேலும் ஓர் அடி செல்லத் துணைபுரிகின்றது.

தொல்காப்பியம் அ, இ, உ என்னும் மூன்று சுட்டுகளைக் கூறுகின்றது. தமிழகத்தின் பெரும்பான்மை வழக்கில் உகரச் சுட்டு மறைந்துவிட்டது. யாழ்ப்பாணத் தமிழிலோ 'உது', 'உவன்', 'உங்கே' என்று இன்றும் வாழ்கின்றது. அங்கு 'உது' என்பது பெரும்பாலும் கேட்பவர் பக்கத்தில் உள்ள பொருளைக் குறிக்கும். ஒளிப்படத்தின் உண்மையான இடம் இதுவே எனலாம். எடுத்தவருக்கு அண்மையில் 'இது'வாக இருந்த காட்சி, அச்சாகிப் பிறர் கைக்குச் சென்றதும் 'உது' ஆகிவிடுகின்றது. பேச்சில் 'இதைப் பார்' என்பவர் விரலும் முகமும் உடன் இருக்க, அருகில் நின்று விளக்க முடியும். ஒளிப்படத்தில் சுட்டியவர் போய்விடுகின்றார். சுட்டு மட்டும் எஞ்சுகின்றது. யாக்கோப்சன் ஆராய்ந்த இடம்மாறு சொற்கள் பேசுவோர் மாறுந்தோறும் பொருள் மாறுவன. பேசுவோரே இல்லாத சுட்டு வெறுமையாகிவிடும் இடர் எப்போதும் உண்டு.

அவ்வெறுமையை நிரப்புவதற்காகவே படக்குறிப்பு தோன்றியது. இவர் இன்னார், இடம் இன்னது, நாள் இன்னது என்று அது விரலின் வேலையைச் செய்கின்றது. ஆகவே ஒரு கட்டளைக்கல்லை முன்வைக்கலாம். படக்குறிப்பை மறைத்துவிட்டுப் படத்தைப் பார்க்க வேண்டும். அப்போதும் சுட்டு நிலைத்திருப்பின் அது எடுத்தவரின் ஈட்டம். சுட்டு மறைந்துபோயின் படத்தின் பெருமை வேறொன்றினுடையது. இக்கட்டளைக்கல் கடுமையானது என்பதும் புகழ்பெற்ற படங்கள் பல இதன்முன் தளர்ந்துவிடும் என்பதும் மறுப்பதற்கில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூர் அரசின் ஒளிப்படக் கலைஞராக விளங்கியவர் சக்கரியா டிக்ரூஸ். அவர் எடுத்த திருவிதாங்கூர்க் காட்சிகளின் தொகுப்பு, 1899 முதல் 1905 வரை அரசப் பிரதிநிதியாயிருந்த கர்சனின் சேகரிப்பில் சேர்ந்து, இன்று பிரித்தானிய நூலகத்தில் உள்ளது. கோயில், அரண்மனை, அரசுக் கட்டடம், நீர்நிலை என நாட்டின் காணத்தக்க இடங்களை வரிசைப்படுத்திக் காட்டும் தொகுப்பு அது. முக்காலியில் நிறுத்திய கனமான கருவி, கட்டடம் முழுமையும் அடங்கும் தொலைவு, நேர்ப்பார்வை ஆகியன அக்காலத்து அரசுப்பணிப் படங்களுக்குப் பொதுவானவை. இவற்றின் சுட்டு முற்றிலும் அகரச் சுட்டு. 'அது கோயில், அது அரண்மனை' என்று ஓர் அரசு மற்றோர் ஆட்சிக்குத் தன்னைக் காட்டிக்கொள்கின்றது. குறிப்பை நீக்கினால் ஒரு கட்டடம் எஞ்சும்; பெயர் போய்விடும். வரலாற்றாய்வாளருக்கு இப்படங்கள் விலைமதிப்பற்றவை. நகரின் பழைய தோற்றத்தை அறிய வேறு சான்று சில இடங்களில் இல்லை. ஆனால் அம்மதிப்பைக் காலம் சேர்த்தது. டிக்ரூஸ் தேர்ந்த தொழிலறிஞர். தம் பணி கேட்டதைக் குறைவின்றிச் செய்தவர். அதற்கு மேற்பட்ட பெருமையை அவர்மீது ஏற்றுவது அவருக்கே பொருந்தாது.

சிவன் என்னும் பெயரால் அறியப்பட்ட சிவசங்கரன் நாயரின் (1932–2021) நிலை சற்றுச் சிக்கலானது. 1959-இல் திருவனந்தபுரத்தில் படநிலையம் நிறுவிய இவர், கேரளப் பத்திரிகை ஒளிப்படத்துறையின் முன்னோடிகளுள் ஒருவர். 1957-இல் ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாடு தலைமையில் பொறுப்பேற்ற முதல் அமைச்சரவை போன்ற நிகழ்ச்சிகளின் படங்களில் நிகழ்ச்சியின் கனம் மிகுதி. குறிப்பை மறைத்தால் மேடையும் மனிதரும் எஞ்சுவர். உரிய நாளில் உரிய இடத்தில் நின்றது பெருந்திறன்தான். ஆனால் அது செய்தியாளரின் திறன்.

ராமு காரியாட்டின் 'செம்மீன்' (1965) படத்திற்கு அவர் எடுத்த நிலைப்படங்கள் வேறு வகையின. அப்படத்தின் ஒளிப்பதிவாளர், 'மாயாபஜார்' (1957) வழியாகத் தமிழர் நன்கறிந்த மார்க்கஸ் பார்ட்லி. திரைப்படத்தின் நிலைப்படம் ஓடும் சுருளிலிருந்து வெட்டிய துண்டு அன்று. படப்பிடிப்புத் தளத்தில் தனிக் கருவியால் தனியே எடுக்கப்படுவது அது. ஒரு நொடிக்கு 24 சட்டகங்கள் ஓடும் திரைப்படம் காலத்தைக் கொண்டு சொல்வதை, நிலைப்படம் காலம் இன்றிச் சொல்ல வேண்டும். 'இதற்கு முன் ஒன்று நிகழ்ந்தது, இனி ஒன்று நிகழும்' என்று சட்டகத்திற்கு வெளியே சுட்டினாலன்றி அது சுவரொட்டிக்கும் பயன்படாது. சிவனின் கலையை மதிப்பிட விரும்புவோர் அமைச்சர்களின் படங்களைவிட இவற்றையே முதலில் நோக்க வேண்டும். திரைப்பட நிலைப்படங்களை விளம்பரப் பொருளாகக் கருதி ஒதுக்கும் வழக்கம் திறனாய்வுக்குப் பெரும் இழப்பு.

மலையாள மனோரமா நாளிதழின் ஒளிப்படக் கலைஞராக விளங்கிய விக்டர் ஜார்ஜின் படம் ஒன்று இவ்வாய்வின் மையத்திற்குரியது. 1987-இல் கேரளத்தில் நடைபெற்ற தேசிய விளையாட்டுப் போட்டிகளில் நீச்சல் வீராங்கனை அனிதா சூட் போட்டியிட்டபோது, விக்டர் ஜார்ஜ் பார்வையாளர் பகுதியில் ஆர்ப்பரித்துக்கொண்டிருந்த அவருடைய தாயாரைப் படமெடுத்தார். விளையாட்டுச் செய்தியின் இலக்கணப்படி 'இது' நீரில் இருக்கின்றது, வென்றவரே எழுவாய். கலைஞர் அவ்வெழுவாயை விட்டு நீங்கினார். இதனைப் புதுமை வேட்கை என்று மட்டும் கூறுவது குறைமதிப்பீடாகும்.

இப்படத்தில் இரண்டு சுட்டுகள் அடுக்கி நிற்கின்றன. கலைஞர் தாயைச் சுட்டுகின்றார். தாயின் கண்ணும் உடலும் சட்டகத்திற்கு வெளியே வேறொன்றைச் சுட்டுகின்றன. குறிப்பை மறைத்துப் பார்த்தால் 'தாய்' என்னும் உறவு மறைந்துவிடும். அது குறிப்பின் கொடை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பெயரும் போட்டியும் மறைந்துவிடும். ஆனால் இப்பெண் தன்னை முற்றிலும் மறந்து எதனையோ நோக்குகின்றாள், அது அவளுக்கு உயிரினும் மேலானது என்பது மறையாது. விரலைக் காட்டியவர் போன பின்னும் விரல் படத்திற்குள்ளேயே நிற்கின்றது. தன் சுட்டு 'உது' ஆகப்போவதை எடுக்கும்போதே கணக்கில் கொண்டவரின் படம் இது.

ஆன்றி கார்த்தியே பிரெஸ்ஸானின் 1952-ஆம் ஆண்டு நூலின் ஆங்கிலத் தலைப்பால் பரவிய 'தீர்மானிக்கும் கணம்' என்னும் கருத்து இதனை விளக்கப் போதுமானதன்று. கணத்தைப் பற்றும் விரைவு குளத்தருகே நின்ற மற்றவர்க்கும் இருந்திருக்கும். அவரிடம் இருந்தது திசை பற்றிய தீர்மானம். கார்த்தியே பிரெஸ்ஸானே 1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில் இரமண மகரிஷியின் இறுதி நாட்களைப் படமெடுத்தவர். அப்படங்களை மகரிஷியை அறிந்தவர் ஒருவகையாகவும் அறியாதவர் நோயுற்ற முதியவராகவும் காண்பது இயல்பு. மேதையின் படங்களிலும் குறிப்பின் பங்கு இவ்வளவு உண்டு.

விக்டர் ஜார்ஜ் பல ஆண்டுகள் பருவமழையைப் படமெடுத்தார். மழைக்குப் பெயர் இல்லை. ஆகவே குறிப்பும் தேவையில்லை. பொருளிலக்கணத்தின் மொழியில் கூறின், பிறர் பின்புலமாகக் கொண்ட முதற்பொருளை, அதாவது நிலத்தையும் பொழுதையும், அவர் சுட்டப்படும் பொருளாகவே ஆக்கிக்கொண்டார். 2001 சூலை 9 அன்று இடுக்கி மாவட்டத்தில் மழைக்காட்சிகளை எடுக்கச் சென்றவிடத்து மண்சரிவில் சிக்கி உயிரிழந்தார். அம்மழைப் படங்கள் அதன்பின் நூலாக வெளிவந்தன. மழையைத் தேடியவரை மழையே கொண்டது என்னும் பேச்சு அவற்றைச் சூழ்ந்துவிட்டது. மரணமும் ஒருவகைப் படக்குறிப்பே. அதனையும் மறைத்துவிட்டே அப்படங்களை மதிப்பிட வேண்டும். அவை அச்சோதனையைத் தாங்குவன.

கட்டளைக்கல்லுக்கு ஒரு தடை எழுப்பலாம். மனித முகமோ நோக்கோ இல்லாத படத்தில் சுட்டு எவ்வாறு தன்னந்தனியே நிலைக்கும்? இதற்கு விடையாகச் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞர் லின்னேயஸ் டிரைப் தஞ்சைப் பெரிய கோயிலில் செய்த பணியைக் காட்டலாம். அவரும் டிக்ரூஸைப் போலவே அரசுப்பணியாளர். காகித எதிர்ப்படங்களைக் கொண்டு கோயில்களையும் கோட்டைகளையும் பதிவுசெய்தவர். 1858-இல் அவர் விமானத்தின் உயரத்தைக் காட்டும் படங்களோடு நிறைவடையவில்லை. அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டு வரிகளைத் தொடர்ந்து, கருவியைச் சிறிது சிறிதாக நகர்த்திப் படமெடுத்து, 21 அச்சுகளை ஒன்றோடொன்று ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே சுருளாக ஆக்கினார். உல்ட்சு பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியின் முதற்பகுதி வெளிவந்தது 1891-இல்தான். அதற்கு முப்பதாண்டுகளுக்கு முன்னர் இப்பணி நிகழ்ந்தது.

கோயில் என்றால் அண்ணாந்து பார்ப்பது என்னும் பழக்கத்திலிருந்து கருவியைத் தாழ்த்தி, சுவரைக் கட்டடமாக அன்றி வரியாகக் கண்டது அவருடைய தீர்மானம். குறிப்பு எதுவும் இல்லாவிடினும் அச்சுருள் எங்குப் பார்க்க வேண்டும், எத்திசையில் செல்ல வேண்டும் என்பதைத் தானே சொல்கின்றது. நின்ற இடத்திலிருந்து அதனைப் பார்த்து முடிக்க இயலாது. கருவி சென்ற வழியே, இடமிருந்து வலமாக, நடந்துதான் பார்க்க வேண்டும்.