ஒத்திகை இல்லாத ஆட்டம்

செம்பட்டி வட்டாரத்துத் திருவிழா மேடைகளில், வள்ளி திருமணக் கதைக்கு முன் பபூனும் டான்ஸ் பெண்ணும் ஆடுவதைக் கூட்டத்தை உட்கார வைக்கும் குலுக்கல் என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கோ ஸ்பெஷல் நாடகம் எனப்படும் இவ்வகை நாடகத்தின் ஆகக் கடினமான வேலை அதுதான். நியூயார்க்கில் 1907-இல் தொடங்கிய சீக்ஃபெல்ட் ஃபாலீஸ் அழகிகள் வரிசையாக ஆடிப் பழகி, ஒத்திகை பார்த்து மேடையேறினார்கள். இங்கே நடிகர்களைத் தனித்தனியாகப் பேசி வரவழைப்பதுதான் முறை. உடன் ஆடும் பபூனை டான்ஸ் பெண் அன்றிரவுதான் முதன்முதலாகப் பார்க்கவும் கூடும். ஆர்மோனியம் மெட்டை மாற்றினால் அடுத்த அடியிலேயே அவள் காலும் குரலும் மாற வேண்டும். பபூன் இரட்டை அர்த்தத்தில் ஒன்றை வீசினால், மிருதங்கம் தீர்மானம் வைப்பதற்குள் பதில் வந்துவிட வேண்டும். ஒரு கணம் தயங்கினாலும் கூட்டம் கையை விட்டுப் போய்விடும்.

ஆபாசம் என்பார்கள். கொச்சை இருக்கிறது, மறுப்பதற்கில்லை. நூறாண்டுக்கு முன் கும்பகோணத்தில் பெண்களை மட்டுமே வைத்து நாடகக் கம்பெனி நடத்திய பாலாமணி அம்மாளும் இந்தப் பேச்சுக்குத் தப்பவில்லை. அவர் நாடகத்துக்கு வெளியூர்களிலிருந்து ரயிலேறி வந்தார்கள் என்பதும் உண்மை. ஆனால் மேடையில் கொச்சையை ஆரம்பிப்பவன் பெரும்பாலும் பபூன்தான். அவனைக் கைதட்டி ரசிக்கும் ஊர், பழியை மட்டும் டான்ஸ் பெண்ணின் தலையில் போடுகிறது.