கோடு போட்டவர் வரி அதிகாரி: சிங்கிள் மால்ட்டின் பாணிகளும் ஒரு மாலைப் பொழுதும்

ஸ்காட்லாந்து விஸ்கியை வடக்கு, தெற்கு என்று முதன்முதலில் பிரித்தவர் வரி அதிகாரி. 1784-இல் வந்த சட்டம் நாட்டின் குறுக்கே ஒரு கோட்டைக் கிழித்து, மேலே ஹைலண்ட், கீழே லோலண்ட் என்று வெவ்வேறு வரி வைத்தது. சில ஆண்டுகளில் தெற்கே வடிகலத்தின் கொள்ளளவுக்கு வரி என்றாயிற்று. கலத்துக்குத்தான் வரி, எத்தனை தடவை வடித்தாலும் கேள்வியில்லை என்றால் வியாபாரி சும்மா இருப்பானா? தட்டையான கலங்களில் அவசர அவசரமாகக் காய்ச்சித் தள்ளினான். சரக்கு கரடுமுரடாயிற்று. மலைப்பக்கத்தில் சின்னப் பானைகளில், பெரும்பாலும் அதிகாரி கண்ணில் படாமல், நிதானமாக இறக்கியதற்கு மவுசு ஏறியது. இன்று பாணி என்று நாம் பெருமையாகப் பேசுவதில் பாதிக்கு வேர் இந்த வரிக்கணக்கு.

வேலையெல்லாம் முடிந்த ஒரு மாலையில் மெதுவாகப் பருக எந்த மால்ட்டை வாங்குவது என்று கேட்பவர்களிடம் கடைக்காரர்கள் இன்றும் அந்த வரைபடத்தைத்தான் விரிக்கிறார்கள். அதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஊர்ப்பெயரைக் காட்டிலும் புகையையும் பீப்பாயையும் கேட்டறிவது பயன் தரும் என்பது என் கட்சி.

முதலில் இலக்கணம். சிங்கிள் என்றால் ஒரே பீப்பாய் என்று பலர் நினைக்கிறார்கள். அது ஒரே வடிசாலையைக் குறிக்கும் சொல். அங்கே பல ஆண்டுகளில் இறங்கிய பல பீப்பாய்களைக் கலப்பதுதான் வழக்கம். முளைகட்டிய பார்லி, தண்ணீர், ஈஸ்ட் தவிர வேறொன்றும் கூடாது. பானைக் கலத்தில் வடித்து, 700 லிட்டருக்கு மேற்படாத ஓக் பீப்பாயில், ஸ்காட்லாந்து மண்ணிலேயே குறைந்தது 3 ஆண்டு ஊறவேண்டும். பாட்டிலில் 40 சதவீதத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. 2009-இன் விதிகள் இவை. நிறத்துக்காகக் கேரமல் சேர்க்க அதே விதிகள் இடம் கொடுக்கின்றன. ஆகவே பாட்டிலின் பொன்னிறத்தைப் பார்த்து மயங்க வேண்டாம்.

அந்த விதிகள் ஒப்புக்கொள்ளும் வட்டாரங்கள் ஐந்து. லோலண்டைச் சீக்கிரம் தாண்டிவிடலாம்: மென்மையானது, புல்வாசம் கொண்டது, கிளாஸ்கோ அருகே ஆகன்டாஷனில் இருமுறைக்குப் பதில் மும்முறை வடிக்கிறார்கள். ஹைலண்ட் என்பது பாணியே அல்ல, பரப்பளவு. தேன்போன்ற டால்வின்னியும், மிளகுக் காரம் கொண்ட ஸ்கை தீவின் டாலிஸ்கரும், ஆர்க்னித் தீவின் ஹைலண்ட் பார்க்கும் சட்டப்படி அதற்குள் அடக்கம். தீவுகளுக்குத் தனி இடம் சட்டத்தில் இல்லை.

ஸ்பேசைட் எனப்படும் ஸ்பே ஆற்றுப் பள்ளத்தாக்கில் நாட்டின் வடிசாலைகளில் பெரும் பங்கு நெருக்கியடித்துக் கிடக்கிறது. 1823-இல் வரி தளர்ந்ததும், அடுத்த ஆண்டே ஜார்ஜ் ஸ்மித் என்பவர் க்ளென்லிவெட்டில் முறைப்படி உரிமம் வாங்கினார். அக்கம்பக்கத்துக் கள்ளச்சரக்குக்காரர்களுக்கு அது துரோகமாகப் பட்டது. மனிதர் இடுப்பில் இரண்டு கைத்துப்பாக்கியோடு நடமாட வேண்டியிருந்தது. இன்று அதே பெயரில் வரும் 12 வயது மால்ட் பேரிக்காய், ஆப்பிள் மணத்தோடு யாரையும் பயமுறுத்தாத சாது. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஸ்பேசைட் என்று சொன்னால் தப்பு வராது.

கேம்பல்டவுன் கதை வேறு. ஒரு காலத்தில் முப்பதுக்கு மேற்பட்ட புகைபோக்கிகள் நின்ற துறைமுக ஊர். அளவுக்கு மீறி வடித்தார்கள், தரம் சரிந்தது, அமெரிக்காவில் மதுவிலக்கு வந்தது. 1920களில் ஒவ்வொன்றாக மூடினார்கள். மிஞ்சியவை இரண்டே. அவற்றில் 1828-இல் தொடங்கிய ஸ்பிரிங்பேங்க் இன்னமும் பார்லியைத் தரையில் பரப்பி, மண்வாரியால் புரட்டி முளைகட்டுகிறது. கொஞ்சம் உப்பு, கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கு, அடியில் மெல்லிய புகை. எனக்கு மிகவும் பிடித்த பாணி. விலை மட்டும் பிடிப்பதில்லை.

இனி ஐலா. மரம் அரிதான தீவு. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சதுப்பில் மக்கி இறுகிய தாவரக் கட்டியை அங்கே பீட் என்கிறார்கள். வெட்டிக் காயவைத்தால் அதுவே விறகு. முளைத்த பார்லியை அந்தப் புகையில் உலர்த்தும்போது ஃபீனால்கள் ஏறிக்கொள்கின்றன. அங்கே வடிக்கும் லஃப்ராய்க்கை மோந்தவர்கள் ஆஸ்பத்திரி வாடை என்பது கற்பனையில்லை. கிருமிநாசினியும் இந்தப் புகையும் வேதியியலில் ஒரே குடும்பம். மதுவிலக்குக் காலத்து அமெரிக்காவுக்குள் லஃப்ராய்க் மருந்து என்ற பெயரில் நுழைந்தது.

புகையை எண்ணால் அளக்கிறார்கள்: பத்து லட்சத்தில் இத்தனை பங்கு ஃபீனால் என்று. ஆர்ட்பெக் ஐம்பதைத் தாண்டும், லஃப்ராய்க் நாற்பதைச் சுற்றி, லகவூலின் முப்பத்தைந்து வாக்கில். இந்த எண் மால்ட்டில், அதாவது உலர்த்திய பார்லியில், எடுத்தது, பாட்டிலில் அல்ல என்பதைப் பெரிதாகச் சொல்வதில்லை. லகவூலினுக்கும் குல் ஈலாவுக்கும் தீவிலேயே உள்ள போர்ட் எல்லன் ஆலையிலிருந்து ஏறத்தாழ ஒரே அளவு புகையேறிய மால்ட்தான் போகிறது. லகவூலின் கனத்து, இனித்து, அடிநாக்கில் தங்கும். குல் ஈலா எலுமிச்சைபோல் லேசாக வெட்டும். கலத்தின் வடிவம், வடிக்கும் வேகம், சேகரிப்பதை எங்கே நிறுத்துகிறார்கள் என்பவையே அந்த வித்தியாசத்தைச் செய்கின்றன. வடிப்பின் பின்பகுதியில்தான் புகை மிகுதியாக வரும். தாமதித்து நிறுத்துபவன் கூடுதல் புகையைப் பிடிக்கிறான்.

பீப்பாய்க்கு வருவோம். அமெரிக்கச் சட்டப்படி பர்பன் விஸ்கிக்குப் புதிய, உட்புறம் கருக்கிய ஓக் வேண்டும். ஒருமுறை பயன்பட்ட அந்த 200 லிட்டர் பீப்பாய்கள் ஸ்காட்லாந்துக்கு மலிவாகக் கப்பலேறுகின்றன. வனிலா, தேங்காய், தேன் வாசனைகள் அவற்றின் கொடை. ஷெர்ரி என்ற ஸ்பானிய ஒயின் இருந்த பீப்பாய் தருவது உலர்திராட்சை, அத்தி, லவங்கப்பட்டை. முன்பெல்லாம் ஷெர்ரி ஏற்றிவந்த பீப்பாய்களே கிடைத்தன. ஸ்பெயினிலேயே பாட்டிலில் அடைக்கும் முறை வந்தபின், விஸ்கிக்காகவே ஷெர்ரி ஊற்றிப் பழக்கிய பீப்பாய்களுக்குத் தனியாகச் சொல்லிவைத்து வாங்குகிறார்கள். க்ளென்ஃபார்க்ளாஸ் இந்த வழியில் உறுதியாக நிற்கும் வடிசாலை. பர்பன், ஷெர்ரிப் பீப்பாய் இரண்டையும் வரிசையாகக் கொடுக்கும் பால்வெனி 12, மாலைக்கென்றே செய்ததுபோல் இருக்கும்.

வயதுக்குப் பணத்தைக் கொட்டுவது பற்றி ஒரு வார்த்தை. லேபிளில் உள்ள எண் கலவையின் இளைய விஸ்கிக்கு உரியது. ஸ்காட்லாந்தின் குளிரில் ஆண்டுக்கு 2 சதவீதம்போல ஆவியாகிறது. பெங்களூரின் அம்ருத் வடிசாலைக் கிடங்கில் அது பத்துக்கும் மேல். அங்கே நாலைந்து ஆண்டே பழுத்துவிடுகிறது. வயது என்பது இடத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டிய எண். சுவைக்கு 10 முதல் 16 வரை போதும் என்பேன்.

நம் ஊரில் ராவாக அடிப்பவர்தான் ரசிகர் என்றொரு எண்ணம் இருக்கிறது. 2017-இல் ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழக வேதியியலாளர்கள் இருவர் கணினியில் உருவகித்துப் பார்த்தார்கள்: நீர் சேர்ந்து சாராயச் செறிவு தணிந்தால், புகைமணம் தரும் குவாயகால் மூலக்கூறு திரவத்தின் மேற்பரப்பை ஒட்டி நிற்கிறது; செறிவு மிகுந்தால் உள்ளே அமிழ்ந்துவிடுகிறது. ஒரு தேக்கரண்டி தண்ணீர் கௌரவக் குறைவல்ல. அறை வெப்பத்தில் பருகுங்கள் என்று ஸ்காட்லாந்துக்காரர் சொல்லும்போது அவர் அறையின் வெப்பம் அவருக்குத் தெரியும், சென்னையின் மே மாதம் தெரியாது. 32 டிகிரியில் சாராய ஆவி மூக்கைக் குத்தும். ஒரு ஐஸ் கட்டியை நான் தடுக்க மாட்டேன். சோடாவையும் ஊறுகாயையும் மட்டும் வேறு சரக்குக்கு வைத்துக்கொள்ளலாம்.

என் அலமாரியில் தீராமல் பார்த்துக்கொள்வது பூனஹாவன் 12. லேபிளில் உள்ள ஆங்கில எழுத்துகளைப் பார்த்தபடி உச்சரித்தால் கடைக்காரருக்கே புரியாது. காதில் விழுவதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். 46.3 சதவீதம், ஷெர்ரியின் நிழல், கொஞ்சம் கடலுப்பு, புகை கிட்டத்தட்ட இல்லவே இல்லை. ஊர் ஐலா. ஐலா என்றாலே மூக்கைப் பொத்திக்கொள்ளும் நண்பர் ஒருவர் மாதம் ஒருமுறை வருவார். அவருக்கு ஊற்றும்போது லேபிளைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிடுவேன்.