எக்ஸ்கான்: வென்றது எது?

1978-இல் அமெரிக்காவின் டிஜிட்டல் எக்யுப்மென்ட் கார்ப்பரேஷனிடம் ஒருவர் வேக்ஸ்-11/780 கணினி கேட்டால், அந்த ஆர்டர் கல்யாண மளிகைச் சீட்டு மாதிரி நீளும். மையச் செயலகம், நினைவகம், டிஸ்க், டேப், பிரிண்டர், இவற்றை ஓட்டும் கன்ட்ரோலர் கார்டுகள், கார்டு செருகும் பேக்பிளேன், அதைத் தாங்கும் பெட்டி, பெட்டி உட்காரும் கேபினெட், மின்சாரம், கேபிள் என்று எல்லாமே தனித்தனி உருப்படிகள். விற்பனையாளர் டிஸ்க்கை எழுதிவிட்டு அதன் கேபிளை மறந்திருப்பார். ஆறு கார்டு கேட்டுவிட்டு நாலு ஸ்லாட்டுக்குத்தான் இடம் எழுதியிருப்பார். அனுபவசாலிகள் சிலர் ஒவ்வொரு சீட்டையும் கையால் சரிபார்த்தார்கள். அதற்கு மேலும் ஒரு காப்பாக, முழுக் கணினியையும் ஆலையின் கூடத்தில் பூட்டி, ஓட்டிப் பார்த்து, மறுபடி பிரித்து வண்டியேற்றினார்கள்.

இந்தச் சரிபார்ப்பைக் கணினியிடமே ஒப்படைக்க நிறுவனம் இரண்டு முறை முயன்றது. ஃபோர்ட்ரானில் ஒருமுறை, பேசிக்கில் ஒருமுறை. இரண்டும் கைகூடவில்லை. 1978 டிசம்பரில் பிட்ஸ்பர்க் நகரின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்திலிருந்து ஜான் மெக்டெர்மட் மூன்றாவதாக இறங்கினார். ‘இன்னின்ன இருந்தால் இன்னது செய்’ என்ற விதிகளை அடுக்கி எழுதும் ஓபிஎஸ் என்ற மொழியைக் கையில் எடுத்தார். பிறந்தது ஆர்-1. 1980-இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்துச் சேலம் ஆலையில் அது வேலைக்கு வந்தது. நிறுவனம் அதற்கு வைத்த பெயர் எக்ஸ்கான். 1986-க்குள் 80,000 ஆர்டர்களைப் பார்த்துவிட்டது. 95 முதல் 98 விழுக்காடு வரை சரி என்று கணக்குச் சொன்னார்கள்.

செயற்கை நுண்ணறிவு பற்றிய பாடப்புத்தகங்கள் இதை வல்லுநர் அமைப்புகளின், அதாவது வல்லுநரின் அறிவை நிரலாக்கும் அமைப்புகளின், முதல் பெரிய வணிக வெற்றி என்று எழுதுகின்றன. வெற்றிதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்த வெற்றியை யார் கணக்கில் எழுதுவது என்பதில்தான் சந்தேகம். விதி என்ற வடிவமா வென்றது? அந்த விதிகளுக்குப் பின்னால் இருந்த வேறொன்றா?

விதிக்கு உரிய பெருமையை முதலில் கொடுத்துவிடுகிறேன். ஓபிஎஸ் மொழியில் விதிகள் ஒன்றையொன்று பெயர் சொல்லி அழைப்பதில்லை. நடுவே ஒரு பொதுப் பலகை. அதில் இப்போதைய நிலவரம் எழுதியிருக்கும். பலகையில் உள்ளதோடு எந்த விதியின் நிபந்தனை பொருந்துகிறதோ அது செயல்பட்டுப் பலகையை மாற்றும். மாறிய பலகைக்கு மறுபடி ஒரு விதி பொருந்தும். ஒரே நேரத்தில் இரண்டு பொருந்தினால், நிபந்தனை கூடுதலாக உள்ள விதி முந்தும். இந்தக் கடைசி ஏற்பாடு எளிமையானது, ஆனால் ஆழமானது. ‘பொதுவாக இப்படிச் செய், ஆனால் இந்த மாடலுக்கு மட்டும் அப்படி’ என்று ஆலையில் ஒரு மூத்தவர் சொன்னால், பழைய விதியைத் தொடாமல் புதிய விதியைப் பக்கத்தில் எழுதிவிடலாம். ஃபோர்ட்ரானில் இதே விலக்கைச் சேர்க்க, நிரலின் நடுவயிற்றைக் கிழிக்க வேண்டும். அதே பல்கலைக்கழகத்தின் சார்ல்ஸ் ஃபோர்கி உருவாக்கிய ரேட்டே என்ற முறை இன்னொரு துணை. பலகையில் மாறியதை மட்டும் எடுத்து விதிகளோடு ஒப்பிடும் வழி அது. இல்லையென்றால் ஒவ்வொரு சுற்றிலும் எல்லா விதிகளையும் புரட்டிப் பார்த்தே பொழுது போயிருக்கும்.

மெக்டெர்மட்டின் உண்மையான கண்டுபிடிப்பு வேறு இடத்தில் இருக்கிறது. பல உறுப்புகளை ஒன்றோடொன்று பொருத்தும் சிக்கல் என்றாலே, ஒன்றை வைத்துப் பார்த்து, முட்டினால் எடுத்துவிட்டு, வேறொன்றை வைத்துப் பார்க்கும் தேடல்தான் நினைவுக்கு வரும். வேக்ஸ் கணினியைக் கூட்டும் வேலையில் பெரும்பகுதிக்கு அந்தத் தேடல் தேவையில்லை என்று அவர் கண்டார். ஆர்டரில் விட்டுப்போனதை நிரப்பு, மையச் செயலகத்தின் கேபினெட்டை முடி, சாதனங்களை இணைக்கும் யுனிபஸ் என்ற பொதுத் தடத்தின் கார்டுகளை அடுக்கு, தரையில் கேபினெட்டுகளை வரிசைப்படுத்து, கடைசியாகக் கேபிள் போடு. இந்த வரிசையில் போனால், எந்த முடிவும் தனக்கு முன் எடுத்த முடிவுகளையே சார்ந்திருக்கும்; பின்னால் வருவது முன்னால் வைத்ததைக் கலைக்காது. அதனால் திரும்பிவரும் வேலை இல்லை.

யுனிபஸ் கார்டு அடுக்குவது மட்டும் இதற்கு அடங்கவில்லை. பேக்பிளேன் நான்கு ஸ்லாட்டிலும் வரும், ஒன்பது ஸ்லாட்டிலும் வரும். எந்தச் சாதனத்துக்கு அவசரம் அதிகமோ அதன் கார்டு முன்னால் வரவேண்டும். ஒவ்வொரு கார்டும் பஸ்ஸின் மேல் ஒரு சுமை. இருபது சுமையைத் தாண்டினால் நடுவே சமிக்ஞையைப் புதுப்பிக்கும் ரிப்பீட்டர் வேண்டும். பெட்டி தரும் மின்சாரத்துக்கும் ஓர் எல்லை உண்டு. முன்னுரிமைப்படி அடுக்கினால் இடம் போதாமல் போகும். இடம் பார்த்து அடுக்கினால் முன்னுரிமை கெடும். இங்கே ஆர்-1 மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கத்தான் வேண்டியிருந்தது. இதை மெக்டெர்மட் மறைக்காமல் எழுதியிருப்பது எனக்குப் பிடித்த நேர்மை.

அந்த நேர்மை சோதனையிலும் இருந்தது. 1979 அக்டோபர், நவம்பர் மாதங்களில் ஐம்பது ஆர்டர்களைக் கொடுத்து, ஆறு வல்லுநர்களை உட்காரவைத்து, ஆர்-1 தந்த வரைபடங்களைப் பார்க்கச் செய்தார்கள். பன்னிரண்டு இடங்களில் அதன் அறிவு பிழையானது என்று பிடித்தார்கள். விதிகளைத் திருத்தி, அதே ஆர்டர்களை மறுபடி ஓட்டினார்கள். விதியை ஒரு மூத்த தொழிலாளியின் முன் வைத்தால் அவர் படித்துவிட்டு ‘இது தப்பு’ என்று விரல் வைக்க முடியும். இந்த ஒரு குணத்துக்காகவே விதிகளை நான் இன்றும் மதிக்கிறேன்.

இனி குறைக்கு வருகிறேன். மெக்டெர்மட் தன் கட்டுரையில் எடுத்துக்காட்டாகத் தந்த விதி ஒன்றின் சாரம் இது. மாஸ்பஸ் என்ற இணைப்புகளுக்கு டிஸ்க்குகளைப் பங்கிடும் கட்டத்தில் இருக்கிறோம். இன்னும் ஒதுக்கப்படாத ஒற்றை வாசல் டிஸ்க் ஒன்று இருக்கிறது. ஒதுக்கப்படாத இரட்டை வாசல் டிஸ்க் எதுவும் மிச்சமில்லை. ஒவ்வொரு மாஸ்பஸ்ஸும் எத்தனை தாங்க வேண்டும் என்பது தெரியும். ஏற்கெனவே டிஸ்க் ஏறிய, இன்னும் இடமுள்ள மாஸ்பஸ் ஒன்று உண்டு. முந்தைய சாதனத்தோடு இணைக்கும் கேபிள் வகையும் தெரியும். அப்படியானால் அந்த டிஸ்க்கை அந்த மாஸ்பஸ்ஸுக்கு ஒதுக்கு.

ஆறு நிபந்தனைகள். ஒவ்வொன்றையும் தொட்டுக் கேளுங்கள்: இது பொருளைப் பற்றிய உண்மையா, வேலை செய்யும் வரிசையா? மாஸ்பஸ்ஸில் இடம் இருக்க வேண்டும் என்பது பொருளின் உண்மை. அதை மீறினால் கணினி ஓடாது. ‘இரட்டை வாசல் டிஸ்க் எதுவும் மிச்சமில்லை’ என்பதோ, அவற்றை முதலில் முடித்துவிடு என்ற கட்டளை. அது உண்மையின் உடையில் வந்து நிற்கும் வரிசை. ‘பங்கிடும் கட்டத்தில் இருக்கிறோம்’ என்பதும் அப்படியே. மூத்தவரிடம் கேட்டு எழுதிய அறிவும், நிரல் தடுமாறாமல் ஓடுவதற்காகச் செருகிய கடிவாளமும் ஒரே வாக்கியத்தில், வேறுபாடு தெரியாதபடி பின்னிக்கிடக்கின்றன. எழுதியவருக்குத் தெரியும் எது எதற்கு என்று. மூன்று வருடம் கழித்து அந்த இருக்கைக்கு வருபவருக்குத் தெரியாது.

முன்பு மெச்சிய ஏற்பாடும் இங்கே எதிரியாகிறது. நிபந்தனை கூடினால் முன்னுரிமை என்பதால், ஒரு விதியை முந்தவைக்க வேண்டுமானால் தேவையற்ற நிபந்தனை ஒன்றைச் சேர்த்தால் போதும். விதிகள் தனித்தனி என்ற வாக்குறுதி பெயரளவில் நிற்கிறது; உண்மையில் அவை பொதுப் பலகை வழியாக ஒன்றின் காலில் ஒன்று மிதிக்கின்றன. புதிதாக ஒரு டிஸ்க் மாடல் வந்தால் எத்தனை விதிகள் அசையும் என்பதை முன்கூட்டிச் சொல்ல வழியில்லை.

டிஜிட்டல் நிறுவனத்தில் நடந்தது இதுதான். தொடக்கத்தில் சில நூறாக இருந்த விதிகள் 1984 வாக்கில் மூவாயிரத்தைத் தாண்டின. 1987 வாக்கில் ஆறாயிரம், பத்தாண்டின் முடிவில் பத்தாயிரத்துக்கு மேல். உருப்படிகளின் பட்டியல் நானூற்றுச் சொச்சத்திலிருந்து முப்பதாயிரத்துக்கு வளர்ந்தது. விதிகளில் ஏறத்தாழ பாதி ஆண்டுதோறும் மாறிக்கொண்டிருந்தன. அதாவது, இரண்டு ஆண்டுகளில் கிட்டத்தட்ட முழு அமைப்பையும் திரும்ப எழுதும் அளவு உழைப்பு, நிற்காமல். ஜூடித் பேச்சன்ட் உள்ளிட்டோர் கடைசியில் ரைம் என்ற ஒழுங்கை வகுத்து, எந்த விதி எந்த வகை முடிவுக்கு உரியது, எந்த வரிசையில் இயங்க வேண்டும் என்பதை விதிக்கு வெளியே எடுத்து வெளிப்படையாக எழுதும்படி எக்ஸ்கானை மறுவார்ப்புச் செய்தார்கள். கடிவாளத்தை அறிவிலிருந்து பிரிக்க வேண்டியதாயிற்று என்பதற்கு, அமைப்பை வளர்த்தவர்களே தந்த ஒப்புதல் அது. வெளியிலிருந்து எந்த விமரிசகர் சொன்னதைவிடவும் கனமான சாட்சி.

சேமிப்புக் கணக்கையும் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். ஆண்டுக்கு 25 மில்லியன் டாலர் என்று ஒரு எண், 40 மில்லியன் என்று இன்னொரு எண், நூலுக்கு நூல் மாறி வருகின்றன. இரண்டின் ஊற்றும் நிறுவனமே. ஆலைக் கூடத்தில் கணினியைக் கூட்டிப் பிரிக்கும் வேலை குறைந்தது, உறுப்புகளை வெவ்வேறு கிடங்குகளிலிருந்து நேராக வாடிக்கையாளரிடம் அனுப்ப முடிந்தது. இவை கண்ணால் காணக்கூடிய ஆதாயங்கள், இவற்றை நம்புகிறேன். துல்லியமான டாலரை நம்ப எனக்குக் காரணம் போதவில்லை. எக்ஸ்கான் இல்லாமல் அதே நிறுவனம் எப்படி நடந்திருக்கும் என்பதை எனக்குத் தெரிந்து அளந்தவர் யாரும் இல்லை.

விற்பனைப் பக்கத்துக் கதை இன்னும் பாடம் தருவது. ஆர்டர் எழுதும் இடத்திலேயே பிழையைத் தடுத்தால் என்ன என்ற கேள்வி இந்தத் துறையில் இயல்பாகவே எழுந்தது. டிஜிட்டல் அதற்காக எக்ஸ்செல் என்ற துணை அமைப்பைக் கட்டியது. மார்க் கீல் என்ற ஆய்வாளர் 1995-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, பெயர் மறைக்கப்பட்ட ஒரு கணினி நிறுவனம் இதே நோக்கத்தோடு பத்தாண்டுக்கு மேல் பணம் கொட்டிய அமைப்பை விவரிக்கிறது. விற்பனையாளர்கள் அதைத் தொடவில்லை. பிழையான ஆர்டரின் நஷ்டம் அவர்கள் தலையில் விழவில்லை. ஊக்கத்தொகை விற்பனைக்கு, துல்லியத்துக்கு அல்ல. விதிகள் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் இந்தக் கணக்கை அவை மாற்றாது. ஆலையில் எக்ஸ்கான் பிழைத்ததற்குக் காரணம், பிழையின் வலி அங்கே இருந்தவர்களுக்கு நேராகத் தெரிந்தது.

பின்னால் வந்தவர்கள் வேறு வழி பிடித்தார்கள். 1989-இல் ஆய்வாளர்கள் சஞ்சய் மித்தலும் ஃபெலிக்ஸ் ஃப்ரேமனும் இந்த வேலையின் பொது இலக்கணத்தை வரைந்தார்கள்: உறுப்புகளின் ஒரு பட்டியல், ஒவ்வொன்றுக்கும் இணையும் வாசல்கள், எவை சேரலாம் என்ற கட்டுப்பாடுகள். கட்டுப்பாடு என்பது எதைச் செய் என்று சொல்லாது. எது நிற்கும், எது நிற்காது என்று மட்டும் சொல்லும். தேடும் வேலை தனி இயந்திரத்துக்கு. சீமென்ஸ் தன் தொலைபேசி இணைப்பகங்களை, முப்பதாயிரம் மாட்யூல் வரை கொண்ட ராட்சத அமைப்புகளை, இந்த வழியில் கூட்டியது. 2000 வாக்கில் ட்யூபிங்கன் பல்கலைக்கழகத்தில் குஷ்லினும் சின்ஸும் மெர்சிடிஸ் கார்களின் ஆர்டர் விதிகளைத் தர்க்க வாய்பாடுகளாக மாற்றி, எந்த ஆர்டரிலும் ஒருபோதும் பயன்பட முடியாத உதிரிப்பாகம் பட்டியலில் இருக்கிறதா என்பதை நிரூபித்தே காட்டினார்கள். எக்ஸ்கானிடம் இந்தக் கேள்வியைக் கேட்கவே முடியாது. அது வந்த ஆர்டருக்குப் பதில் சொல்லும்; வராத ஆர்டர்களைப் பற்றி அதற்கு வாய் இல்லை.

கட்டுப்பாட்டு முறைக்கும் விலை உண்டு என்பதைச் சொல்லாமல் விட்டால் தராசு சாயும். தேடல் சில நேரம் கட்டுக்கடங்காமல் நீளும். ‘தீர்வு இல்லை’ என்று இயந்திரம் கைவிரிக்கும்போது, நூறு கட்டுப்பாடுகளில் எவை மோதின என்று ஆலைக்காரருக்குப் புரியும்படி சொல்வது எளிதல்ல. மெக்டெர்மட் கண்டுபிடித்தது போன்ற நல்ல வரிசை கையில் இருந்தால், எந்தத் தேடலையும் அது வேகத்தில் மிஞ்சும்.

என் தீர்ப்பு இது. எக்ஸ்கானின் வெற்றியில் முதல் பங்கு, வேலைக்குள் ஒளிந்திருந்த வரிசையைக் கண்ட மெக்டெர்மட்டின் பார்வைக்கு. இரண்டாவது, ஆண்டுக்கு ஆண்டு பாதி விதிகளை மாற்றி எழுதிக்கொண்டிருந்த, பாடப்புத்தகங்களில் பெயர் வராத மனிதர்களுக்கு. விதி என்ற வடிவத்துக்கு மூன்றாவது இடம்தான். முதல் ஆயிரம் வரை அது நல்ல ஏணி, அதற்கு மேல் சுமை.

இன்று வங்கிக் கடன், காப்பீடு, லிஃப்ட், லாரி என்று ஏதோ ஒன்றுக்கு விதி எழுதிக்கொண்டிருக்கும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்து எழுதும் விதியின் ஒவ்வொரு நிபந்தனைக்கும் பக்கத்தில், இது பொருள் கேட்பதா, வரிசைக்காக நான் வைத்ததா என்று ஒரு சொல் குறித்துவிடுங்கள். உங்களுக்குப் பின் அந்த இருக்கைக்கு வருபவர் அதைத்தான் முதலில் தேடுவார்.